ஏழாவது கேள்வி

எங்கள் சங்கம் அனுப்பும் வருடாந்தரப் படிவத்தில் பத்துக் கேள்விகள். முதல் ஆறும் சும்மா பேச்சுக்கு: டயர் எப்போது மாற்றினீர்கள், பேட்டரி எப்படி இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா. ஒழுகும். எல்லோருடையதும் ஒழுகும். அதைக் கேட்பதே குசும்பு. கடைசி மூன்றை யாரும் நிரப்புவதில்லை. வில்லங்கமெல்லாம் ஏழாவதில்தான்: 'இன்று மறுபடியும் வாங்குவதாக இருந்தால் இதே காரை வாங்குவீர்களா?'

சங்கத்தில் இருபத்து மூன்று பேர். எல்லோரிடமும் ஒரே ரகம். துணிக் கூரை, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்ட வேண்டிய ஸ்போர்ட்ஸ் கார். அதைச் செய்த கம்பெனியே பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அதைக் கைகழுவிவிட்டது. நாங்கள் கழுவவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வருடா வருடம் 'வாங்குவேன்' என்று டிக் போட்டு, பக்கத்தில் 'வீட்டில் சொல்லிவிடாதீர்கள்' என்று எழுதுவார். கல்யாண போட்டோகிராபர் ஒருமுறை, 'கட்டிய மனைவியைப் பற்றி யாரிடமாவது இப்படிக் கேட்பீர்களா?' என்று எழுதினார். படிவம் தபாலில் சேர்வதற்கு முன் அந்த மனைவி கையில் சேர்ந்தது. அப்புறம் நான்கு மாதம் ஆளைக் கூட்டத்தில் காணோம்.

ஆனால் 'இல்லை' என்று டிக் போடுவது விளையாட்டு இல்லை. இந்த வண்டி கிடைக்காதா என்று வரிசை போட்டுக் காத்திருக்கிறார்கள். 'இல்லை' வந்த மறுநாளே செயலாளர் வரிசையில் முதல் ஆளுக்கு முகவரியைக் கொடுத்துவிடுவார். வேண்டாதவரிடம் வண்டி நிற்கக் கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. நடுவில் சில மாமனார்களும் மனைவிமார்களும் திருட்டுத்தனமாக 'இல்லை' போட்டு அனுப்பிவைத்ததால் ஒரு வழக்கமும் வந்தது. வாங்க வருகிறவர், உரிமையாளரை பானெட்டில் கை வைக்கச் சொல்லி, அதே ஏழாவது கேள்வியை நேருக்கு நேர் கேட்க வேண்டும். அங்கேயும் 'இல்லை' என்று வந்தால்தான் சாவி கைமாறும்.

ஒரு வியாழக்கிழமை செயலாளர் எனக்குப் போன் செய்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நல்ல மனுஷர்.

"என்ன பல்லக்கா, இப்படிப் பண்ணிட்டீங்க?"

சங்கத்தில் எனக்குப் பல்லக்கா என்று பெயர். நான் பல் செட்டு செய்கிறவள். முன்னறையில் டாக்டர் அச்சு எடுப்பார். பின்னறையில் நான் மெழுகில் பல்லை வரிசை வைத்து, செட்டாக வார்த்து, ராவி, பாலிஷ் போட்டு அனுப்புவேன். முப்பது வருடமாக இதே வேலை. அந்த வாய்களை நான் பார்ப்பதில்லை. ஆனால் கடைத்தெருவில் யாராவது சிரித்தால், அது நான் செய்த சிரிப்பா, கடவுள் செய்த சிரிப்பா என்று சொல்லிவிடுவேன்.

"நான் என்ன பண்ணினேன்?"

"ஏழாவதுல 'இல்லை'ன்னு வந்திருக்கே. கீழ உங்க அண்ணன் கையெழுத்து. நீச்சல் கோச் ஒருத்தர் ரெண்டு வருஷமா வரிசையில நிக்கிறார். விதிப்படி சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு அவரோட நானும் வரணும். எனக்கே சங்கடமா இருக்குக்கா."

மெழுகுக் கத்தியைச் சூடு காட்டி வைத்திருந்தது மறந்து, கட்டைவிரலில் இழுத்துக்கொண்டேன். வலி பிறகுதான் தெரிந்தது.

கள்ளக் கையெழுத்து என்றால் அண்ணனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். கொடுமை என்னவென்றால், அது நல்ல கையெழுத்து. சட்டப்படி வண்டி அவன் பெயரில் இருக்கிறது. அந்தத் தப்பை நானேதான் செய்தேன்.

எங்கள் அம்மா ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தாள். அந்த ஒன்பது வருடமும் நான் ஓட்டியது சக்கர நாற்காலி ஒன்றைத்தான். அவள் போன பிறகு, ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, பழைய கார் விற்கும் இடத்தின் கம்பி வேலிக்குப் பின்னால் இதைப் பார்த்தேன். கரும்பச்சை. சட்டென்று பார்த்தால் தரையில் யாரோ படுத்துக்கொண்டு சிரிப்பது போல முகம். எனக்கு ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, சேமிப்பு இருந்தது. வாங்கிவிட்டேன்.

பதிவு செய்யப் போனபோது கூட வந்த அண்ணன், "என் பேர்ல இருக்கட்டும் பாப்பா. தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு இந்த மாதிரி காருன்னு ஊர் பேசும். என் பேர்ல இருந்தா, அண்ணன் காரைத் தங்கச்சி ஓட்டுறான்னு விட்டுடுவாங்க" என்றான். வீட்டில் எனக்கு இன்னும் பாப்பா என்றுதான் பெயர். ஐம்பத்து நாலு வயதுப் பாப்பா. ஊர் வாய்க்குப் பயந்து நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஆட்டிய தலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

செயலாளர் போன் செய்த அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் கூடத்தில் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். மின்சார மீட்டர் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யாருக்கு என்ன தபால் வந்தாலும் அவன்தான் பிரிக்க வேண்டும், படிக்க வேண்டும், பதிலும் போட வேண்டும். அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

"ஏழாவதுல என்ன போட்ட?"

"முதல்ல உக்காரு பாப்பா."

"நின்னுக்கிட்டே கேக்கறேன்."

"உன் நல்லதுக்குத்தான். போன மாசம் என்ன நடந்துச்சு? ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை விட்டு இறங்க முடியாம, வாட்ச்மேனும் பல்லு கட்ட வந்தவரும் சேர்ந்து உன்னைத் தூக்கி வெளிய எடுத்தாங்களா இல்லையா?"

எடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன். இடது முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. அவர்கள் போன பிறகு பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணியிடம் மட்டும் சொன்னேன், அது அண்ணன் காதுக்கும் போயிருக்கிறது.

"இதை வித்துட்டு உயரமான வண்டி ஒண்ணு எடுப்போம். எட்டுப் பேர் உக்காரலாம். பொண்ணு, மாப்பிள்ளை, பேரப் பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணாப் போலாம். உனக்கும் ஏறி இறங்க சுலபம்."

"எனக்கு எட்டுப் பேர் வேண்டாம். எட்டுப் பேரோடதான் இத்தனை வருஷம் இருந்தேன்."

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும் பாப்பா. மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள்."

"மூணு வருஷம் ஆச்சு. எண்ணிப் பாரு. எத்தனை அறுபது?"

அவன் அடுத்த உறையைப் பிரித்தான். அது என் கண் பரிசோதனைச் சீட்டு. சமையலறை வாசலில் நின்ற அண்ணி ஒன்றும் பேசவில்லை. முப்பத்தோரு வருடமாக அண்ணன் பேசும்போது அவர் பேசியதில்லை.

இரண்டு நாள் மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்று யோசித்தேன். எங்கே போவது? அவன் உரிமையாளர். புகார் கொடுத்தால், அண்ணன் காரைத் திருடிய தங்கை ஆகிவிடுவேன்.

சனிக்கிழமை மதியம் கடவுள் கண் திறந்தார். குளியலறையில் டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு என் அறைக்கு வந்தான். உள்ளங்கையில் மேல் செட்டு, சரியாக நடுவில் இரண்டு துண்டாக.

இது வீட்டுக்குள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். நாலு வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பல் எல்லாம் எடுக்க வேண்டி வந்தது. ஆள் இடிந்துபோய்விட்டான். அவன் மீசைக்கும் சிரிப்புக்கும் அவ்வளவு மதிப்புக் கொடுப்பவன். நான் அவனுடைய பழைய போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நிற்குமே, அதையும் அப்படியே ஏற்றி வைத்து, ஒரு கோரைப் பல்லில் கொஞ்சம் மஞ்சள் கலந்து செய்து கொடுத்தேன். பெற்ற மகளுக்குக்கூட இன்று வரை தெரியாது. ஊரில் அவன் வயதுக்காரர்கள், "உங்க பல்லு மட்டும் எப்படிங்க இப்படி?" என்று கேட்பார்கள். அவன் வேப்பங்குச்சி என்று கதை விடுவான்.

அன்று துண்டுகளை வாங்கிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் வாயில் என் வேலை இருக்கிறது, யாருக்கும் தெரியாது. என் வண்டியில் அவன் பெயர் இருக்கிறது, ஊருக்கே தெரியும். நல்ல பங்கு பிரித்திருக்கிறோம்!

ஒட்டுகிற வேலை ஒரு மணி நேரம்தான். சாயங்காலமே முடித்து, தேய்த்து, பளபளப்பாக்கி, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். ஆனால் கொடுக்கவில்லை. "காயணும்" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கதவைத் தட்டினான். வாயில் துண்டு.

"பழ்ழு?" என்றான். ல் வரவில்லை.

கிண்ணம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஒளித்துத்தான் வைத்திருந்தேன். பத்து மணிக்கு நீச்சல் கோச் வருவார். பானெட்டில் கை வைத்து உரிமையாளர் வாயைத் திறக்க வேண்டும். பொக்கை வாயோடு அண்ணன் தெருவுக்கு வர மாட்டான், தலையே போனாலும் வர மாட்டான். கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வியாபாரம் இல்லை. அவ்வளவு சுலபம்.

அவனுக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றார். "முப்பத்தோரு வருஷமா அவர் பேசி நான் கேட்டாச்சு. இன்னிக்கு ஒரு நாள் பல்லு லேட்டா வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது பாப்பா" என்றார் அமைதியாக. அண்ணன் திரும்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுச் சுவர் பேசினால் ஒருவன் அப்படித்தான் பார்ப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் கன்னத்தைப் பார்த்தேன். பல் இல்லாமல் உள்ளே விழுந்து, கடைசி நாட்களில் இருந்த அம்மாவின் கன்னம் மாதிரி இருந்தது. சிரிப்பு போய்விட்டது. அதனால் கோபம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். கோபம் இன்னும் கூடியது. பொக்கை வாயை மூடி வைத்து ஜெயித்தால் அது ஜெயிப்பா? நாளைக்குப் பல் வந்ததும் மறுபடி அவனேதான் உரிமையாளர், நான் மறுபடி பாப்பா.

இழுப்பறையைத் திறந்து கிண்ணத்தை நீட்டினேன்.

"இந்தா. போட்டுக்க. போட்டுக்கிட்டு வெளிய வா. வந்து, நான் செஞ்ச பல்லை வச்சிக்கிட்டு, என் காரை 'என் கார்'ன்னு அந்த ஆளு முன்னாடி வாய் தொறந்து சொல்லு. அதை மட்டும் நான் பாக்கணும்."

கொடுத்த பிறகு என் கையில் எந்த ஆயுதமும் இல்லை. அவன் வாங்கிக்கொண்டு போனான்.

பத்து மணிக்குச் செயலாளரும் கோச்சும் வந்துவிட்டார்கள். கோச் முப்பது வயது ஆள், கதவு நிலை உயரம். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல ஆளாகவும் இருந்து தொலைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

அண்ணன் பல்லோடு வந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாங்க வாங்க" என்று சிரித்தான். ஏறி நிற்கும் அந்த முன்பல் வெயிலில் மின்னியது. என் வேலை. ஒட்டிய கோடுகூடத் தெரியவில்லை.

"ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறீங்களா சார்?" என்றார் கோச்.

அண்ணன் மூன்று வருடத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. கதவைத் திறந்து, பின்பக்கத்தை முதலில் விடுவதா காலை முதலில் விடுவதா என்று யோசித்து, கடைசியில் கிணற்றில் இறங்குகிறவன் போல இறங்கினான். எஞ்சின் கிளம்பியது. கியரைப் போட்டான். கரகரவென்று அது கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடி போட்டான். மறுபடி கத்தியது. என் பல்லே கூசியது.

"முதல் கியர் நேரா விழாது," என்றேன், பொறுக்க முடியாமல். "ரெண்டுல போட்டுட்டு அப்புறம் ஒண்ணுக்கு வரணும்."

"கூரையை மடக்கிக் காட்டுங்க சார்," என்றார் கோச், இப்போது கொஞ்சம் சந்தேகமாக. அண்ணன் மேலே தடவினான். வலது கொக்கி வரவில்லை. வராது. அதை முஷ்டியால் ஒரு குத்து விட வேண்டும். அவனுக்கு எப்படித் தெரியும்? செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் எழுந்து வெளியே வந்தான். வியர்த்திருந்தது.

"சரி, வழக்கப்படி கேட்டுடுங்க," என்றார் செயலாளர்.

அண்ணன் பானெட்டில் கை வைத்தான். கோச் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "சார், இன்னிக்கு மறுபடியும் வாங்கறதா இருந்தா, இதே காரை வாங்குவீங்களா?"

அண்ணன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடினான். நாக்கால் மேல் செட்டை ஒருமுறை தடவிப் பார்த்தது கன்னத்தில் தெரிந்தது. மறுபடி திறந்தான்.

"நான் எங்க வாங்கினேன்?" என்றான். "இது என் வண்டி இல்லைங்க. என் பேர் மட்டும்தான் ஓசியில ஒட்டிக்கிட்டிருக்கு. வாங்கினது என் தங்கச்சி. அவகிட்ட கேளுங்க."

பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கோச் என் பக்கம் திரும்பி அதையே கேட்டார். என் பதில் மூன்று வருடமாக எனக்குள்ளேயே இருந்தது. அவசரத்தில் விட்டுவிடக் கூடாது என்று நான் முதலில் போய் சீட்டில் உட்கார்ந்தேன். காலை முதலில் விடக் கூடாது, பின்பக்கம்தான் முதலில். பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தேன்.

"தம்பி, கேட்டுக்கங்க. மழை பெஞ்சா சரியா இடது முட்டி மேல ஒழுகும், ஏற்கெனவே அந்த முட்டிதான் வலி. வேகத்தடை வந்தா நேரா ஏற முடியாது, நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறணும். பின்னாடி ஒரு காய்கறிப் பை வைக்கலாம், ரெண்டாவது பைக்கு ஆட்டோ பிடிக்கணும். ஸ்பேர் பார்ட்டு கேட்டா கடைக்காரன் என்னைப் பாத்து சிரிப்பான். போன மாசம் இதுலேருந்து என்னை ரெண்டு பேர் தூக்கி எடுத்தாங்க, மானம் போச்சு, அழுதேன். இன்னும் பத்து வருஷத்துல நாலு பேர் தூக்கணும்னு நினைக்கிறேன். இவ்வளவும் தெரிஞ்சு சொல்றேன். வாங்குவேன். இன்னிக்கு வாங்குவேன், நாளைக்கும் வாங்குவேன். காலையில சாவி போட்டா இது எனக்காக மட்டும்தான் கிளம்புது. வீட்டுல வேற எதுவும் அப்படிக் கிளம்பினதில்லை."

கோச் தலையைச் சொறிந்தார். "இப்படிச் சொன்னீங்கன்னா எனக்கு இன்னும் ஆசையால்ல இருக்கு," என்றார்.

"வரிசையில நில்லுங்க. என்னோடதுக்கு முன்னாடி அந்தப் போட்டோகிராபர் வண்டி உங்க கைக்கு வந்துடும்னு நினைக்கிறேன், அவர் வீட்டம்மா அவ்வளவு கோபத்துல இருக்காங்க."

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். கோச்சும் சிரித்துவிட்டு, பானெட்டை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் கைப்பையிலிருந்து பெயர் மாற்றும் படிவத்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்தது. ஜன்னல் வழியாக அண்ணனிடம் நீட்டினேன்.

"இதுல கையெழுத்துப் போடு."

"போடறேன் பாப்பா," என்றான். பேனாவைத் திறந்தவன் நிறுத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் திறந்தேதான் இருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னான். "இனிமே உன் பேர்ல ஓடும். தனிப் பொம்பளை, இந்த வயசுல, இந்த காரு... ஊர் பேசும்."

"பேசட்டும். ஊர்ல பாதிப் பேர் பேசறதே நான் செஞ்ச பல்லுலதான்."

அண்ணி சிரித்தார். கதவருகே நின்றபடி, தெருவே கேட்க, வாயைப் பொத்தாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு முப்பத்தோரு வருடம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. அண்ணன் பானெட்டில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். உரிமையாளர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை அவனே எழுதினான். பாப்பா என்று எழுதவில்லை.

எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு அவன் நகரவில்லை. என் முட்டியைப் பார்த்தான். கதவைத் திறந்து, காலை அகட்டி நின்றுகொண்டு, என்னைத் தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டினான்.

"எதுக்கு?" என்றேன்.

"இறங்க வேண்டாமா?"

"நான் இறங்கப் போறேன்னு யாரு சொன்னா?"

கதவைச் சாத்தி, வலது கொக்கியில் ஒரு குத்து விட்டேன். கூரை பின்னால் போனது. இரண்டில் போட்டு ஒன்றுக்கு வந்தேன்.